கண்டாமணி வீட்டில் நிசப்தம்

மீன் ஏலக் கூடத்தில் அவளுக்குக் கண்டாமணி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. சம்பளம் தருகிற ஆபீசைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. விடிகிற நேரத்தில் படகுகள் வந்து, ஈரத் தரையில் கூடைகள் வரிசையாக இறங்கியதும், ரப்பர் பூட்சும் பிளாஸ்டிக் மேலங்கியுமாக அவள் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நிற்பாள். "ஒரு தரம்" என்று அவள் ஆரம்பித்தால், தெருக்கோடியில் டீ குடித்துக்கொண்டிருக்கும் வியாபாரி கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவான். கூடத்தில் ஒலிபெருக்கியும் இருந்தது. அது பழுதாகி எவ்வளவு காலமாயிற்று என்று யாருக்கும் ஞாபகமில்லை, சரிசெய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஆரம்பத்தில் அவள் கூடை கழுவத்தான் வந்தாள். ஒருநாள் ஏலம் கூவுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வியாபாரிகள் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவள் விளையாட்டாகப் பெட்டியில் ஏறிக் கூவினாள். அன்றைக்குச் சரக்கு நல்ல விலைக்குப் போயிற்று. அப்புறம் அவளை அந்தப் பெட்டியிலிருந்து இறங்கச் சொல்ல எவனுக்கும் துணிச்சல் வரவில்லை.

அவள் கணவர் படகு இன்ஜின் மெக்கானிக். வருஷக்கணக்காக டீசல் இன்ஜின்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, இன்னொன்று பாதி. வாய் மூடாதவளுக்குக் காது கேட்காதவர், இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும் என்று கூடத்தில் கேலி செய்வார்கள். இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே தெருவுக்குச் சண்டை மாதிரிக் கேட்கும். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மனுஷன் ஒருவர், பாவம், விலக்கிவிடலாம் என்று செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். அவர்கள் சமையலறைக்கு எந்த பல்பு போடுவது என்று யோசனை செய்துகொண்டிருந்தார்கள். அவரையே உட்காரவைத்து அபிப்பிராயமும் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

பிள்ளை இல்லை. ஒரு காலத்தில் அதற்காக அழுதார்கள், பிறகு அழுவதை விட்டுவிட்டார்கள். அப்படி இருந்த வீட்டுக்குத்தான் பொடிசு வந்து சேர்ந்தாள்.

பொடிசு கண்டாமணியின் தங்கை மகள். ஏழு வயது. தங்கையின் வீட்டுக்காரனைப் பற்றி அதிகம் பேசி வாயை அழுக்காக்கிக்கொள்ள வேண்டாம். வெளியில் எல்லோரிடமும் பல்லைக் காட்டிச் சிரிப்பவன், வீட்டுக்குள் கை நீட்டுபவன், அவ்வளவு போதும். தங்கை வருஷக்கணக்காக எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒருநாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறினாள். வேறு ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தங்குவதற்கு விடுதி உண்டு, ஆனால் குழந்தைக்கு இடமில்லை. வீடு ஒன்று பார்க்கும்வரை அக்காவிடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனாள்.

வந்த புதிதில் தெருவே மெச்சியது. தானாக எழுந்திருக்கிறாள், போர்வையை மடிக்கிறாள், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறாள், இது வேண்டும் அது வேண்டும் என்று ஒரு சொல் கிடையாது. தங்கமான பிள்ளை, கொடுத்துவைத்திருக்கிறாய் என்றார்கள். கண்டாமணிக்கும் கொஞ்சம் பெருமைதான். பிறகு ஒருநாள் தலையணை உறையைத் துவைக்க உருவினால், உள்ளேயிருந்து காய்ந்த ரொட்டித் துண்டுகள் கொட்டின. படுக்கை நனைந்த நாட்களில் விரிப்பைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்ததும் தெரிந்தது. இரவில் கட்டிலில் படுக்கவைத்தால் காலையில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருந்தாள்.

இதையெல்லாம்கூடக் கண்டாமணி தாங்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் மேல் தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினாள். பக்கத்தில் நின்ற குழந்தை சட்டென்று இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டது. சத்தமில்லை, அழுகையில்லை. கண்டாமணி டப்பாவை எடுக்கவே இல்லை. அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அந்தப் படுபாவியை நினைத்து வயிறெரிந்து அழுதாள்.

பள்ளிக்கூடத்திலும் நல்ல சேதி இல்லை. நேற்று எழுதிய எழுத்து இன்றைக்கு மறந்துவிடுகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, எப்போதும் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று டீச்சர் சொன்னாள். ஒரு பையன் சாப்பாட்டு டப்பாவைக் கீழே போட்டதற்கு, எழுந்து வராந்தாவுக்கு ஓடிவிட்டாளாம். டீச்சர் கொஞ்சம் தயங்கி, தப்பாக நினைக்கக்கூடாது, இந்தப் பிள்ளைக்கு அமைதியான வீடு வேண்டும், உங்கள் குரல் கொஞ்சம் பெரிசு, என்றாள். நல்ல பெண்தான் அவள், அக்கறையில்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை கண்டாமணியின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

குழந்தைகளுக்கான மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். அவர் பொடிசைப் படம் வரையவிட்டு, பெரியவர்களிடம் நிறையக் கேட்டார். சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் எல்லாம் தினமும் ஒரே ஒழுங்கில் நடக்கட்டும், அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், படுக்கை நனைந்தால் திட்டாதீர்கள் என்றார். என் குரல்தான் காரணமா என்று கண்டாமணி கேட்டதற்கு, அதை இப்போதே சொல்ல முடியாது, எதற்கு எப்படி இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருங்கள், அடுத்த தடவை வரும்போது பேசலாம் என்றார்.

பார்த்துக்கொண்டே இருப்பதா? பொறுமை என்கிற சாமானைக் கடவுள் பங்குவைத்த அன்றைக்குக் கண்டாமணி ஏலக் கூடத்தில் இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிற வழியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். குற்றவாளி தன் தொண்டை. தண்டனை, வாய்ப்பூட்டு.

மறுநாள் கூடத்துக்குப் போய், தன்னை ஏலத்திலிருந்து எடுத்து எடைபோடும் இடத்தில் போடச் சொன்னாள். பெட்டியில் ஏறிக் கத்தினால் அந்தச் சத்தம் வீடுவரை தொடர்ந்து வந்துவிடுகிறது என்பது அவள் கணக்கு. மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவளுக்குப் பதிலாக ஏறியவன் கூவியது முதல் வரிசைக்கே எட்டவில்லை. வியாபாரிகள் என்ன விலை, என்ன விலை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். எதற்கும் அவள் அசைந்து கொடுக்கவில்லை.

வீட்டிலோ, கேட்கவே வேண்டாம். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டினாள். கதவு விளிம்புகளில் பழைய துணியை ஒட்டினாள். டிவிக்கு வாய் போயிற்று. சுவர்க் கடிகாரம் டிக்டிக் என்கிறது என்று அதையும் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தாள். அவள் கிசுகிசுப்பாகப் பேசப் பழகியதுதான் பெரிய கூத்து. பஞ்சரான டயரிலிருந்து காற்று போகிற மாதிரி இருந்தது. மெக்கானிக்குக் கத்தினாலே பாதிதான் கேட்கும், கிசுகிசுத்தால் என்ன கேட்கும்? ஆகவே சைகை. சோப்பு வேண்டும் என்று கையைத் தேய்த்துக் காட்டினால் மனுஷன் போர்வையை எடுத்து வந்து அவள் தோளில் போர்த்துவார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, சிரிக்கக்கூட முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள்.

இத்தனையும் குழந்தைக்காக. குழந்தை தேறினாளா? இல்லை, நாளுக்கு நாள் மோசமானாள். முன்பு எப்போதாவது நனைந்த படுக்கை இப்போது தினமும் நனைந்தது. பாதி ராத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவள் சாயங்காலமே மேஜைக்கு அடியில் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை. கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்து, முகம் இத்தனூண்டாகிவிட்டது. இன்னும் எங்கோ சத்தம் இருக்கிறது என்று கண்டாமணி முடிவுகட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுனிக்காலில் நடந்தாள். மெக்கானிக்கைத் தும்மக்கூட வாசலுக்குத் துரத்தினாள்.

கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள். அவளுடைய சித்தி மகள் ஒருத்தி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். தனியாக இருக்கிறாள், நல்ல மனசு. அவள் வீட்டில் நடந்தால் காலடிகூடக் கேட்காது. பொடிசைக் கொஞ்ச காலம் அங்கே விடுவது என்று பேசி முடித்தார்கள். தங்கைக்கும் போனில் சொல்லியாகிவிட்டது. கண்டாமணிக்கு அனுப்ப மனமில்லை, வைத்துக்கொள்ளத் தைரியமும் இல்லை. எங்கிருந்தோ அடிபட்டு வந்த பிஞ்சை, அணைத்துக்கொள்ளத் தெரியாமல் இன்னும் நசுக்குகிறோமே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் சோறு போட்ட தொண்டை மேல் அவளுக்கு வெறுப்பே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணிகளைப் பையில் அடுக்கினாள். மெக்கானிக் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஊமை டிவியில் ஓடிய கால்பந்தைச் சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வரவே, கண்டாமணி மேஜை அருகே தரையில் உட்கார்ந்து குனிந்தாள். உள்ளே பொடிசு முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் உன்னை லைப்ரரி சித்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்மா. அங்க சத்தமே இருக்காது. நிம்மதியா தூங்கலாம்" என்று காற்றோடு காற்றாகச் சொன்னாள்.

குழந்தை முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "இன்னைக்குத்தானா பெரியம்மா?" என்றாள்.

"எது இன்னைக்கு?"

"அடிக்கிறது."

கண்டாமணிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. யார் யாரை அடிக்கப்போகிறார்கள் என்று கேட்டாள். பொடிசு கதவைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள். பிறகு, வந்ததிலிருந்து இத்தனை நாளில் பேசாததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அப்பா கத்துனா ஒண்ணும் ஆகாது பெரியம்மா. கத்திட்டுத் தூங்கிடுவாரு. மெதுவா பேசுனாதான். மொதல்ல மெதுவா பேசுவாரு. அப்புறம் டிவியை அணைப்பாரு. கதவைச் சத்தமில்லாம சாத்துவாரு. அப்ப அம்மா என்னைப் பார்ப்பாங்க, நான் மேஜைக்கு அடியில போயிடணும். நீங்க ரெண்டு பேரும் எத்தனையோ நாளா மெதுவாவே பேசுறீங்க. எப்பன்னே தெரியல."

கண்டாமணி ரப்பர் மாட்டிய நாற்காலி, துணி ஒட்டிய கதவு, வாயில்லாத டிவி, எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அடி விழுவதற்கு முந்தைய அந்த நிமிஷத்தைத்தான் இந்தக் குழந்தைக்கு நாள்கணக்கில் காட்டியிருக்கிறாள். இன்றைக்கா, நாளைக்கா என்று ஒரு சின்ன உயிர் ராத்திரியெல்லாம் காத்துக் கிடந்திருக்கிறது. அட, புத்திகெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஓர் ஓரமாகப் புத்தியும் வேலை செய்தது. "பொடிசு, பெரியம்மா இப்போ பெரியப்பாவைச் சத்தமா கூப்பிடப் போறேன். கோவமில்ல. அவருக்குக் காது கேக்காது, அதான்" என்றாள். குழந்தை தலையாட்டியதும் அப்படியே திரும்பினாள்.

"என்னங்க! டிவிக்குச் சத்தம் வைங்க!"

அடேயப்பா, அத்தனை நாள் அடைத்துவைத்திருந்த குரல்! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெக்கானிக் துள்ளி எழுந்தார். வைக்கலாமா, நிஜமாகவா என்று அவரும் அதே உச்சத்தில் கேட்டார். அடுத்த நொடி கால்பந்து மைதானம் முழுக்க வீட்டுக்குள் வந்துவிட்டது. பந்தை விட்டவனை அவர் மனசாரத் திட்டினார். கண்டாமணி, பந்தைப் பிடிக்கத் தெரியாதவனை எல்லாம் யார் கோல் போஸ்டில் நிறுத்தியது என்று தன் பங்குக்குக் கூவினாள். பக்கத்து வீட்டு மனுஷன் எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாடா, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே போனார்.

பேசுவதற்கு விஷயம் தீர்ந்துபோனபோதும் அவள் நிறுத்தவில்லை. சமையலறைச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்து மெக்கானிக்கிடம் ஏலம் விட்டாள். அவர் அவளுடைய தோசைக்கரண்டிக்கே படகு விலை சொன்னார். "ரெண்டு தரம்" என்று கூவிக்கொண்டே மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். பொடிசு ஒருக்களித்துப் படுத்து, வாயைப் பிளந்துகொண்டு, பட்டப்பகலில் அத்தனை இரைச்சலுக்கு நடுவே அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் தூக்கமோ, சாயங்காலம்வரை புரண்டுகூடப் படுக்கவில்லை. கண்டாமணி பையிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் கொட்டினாள். அவர் திட்டவில்லை. கடிகாரத்தைப் பீரோவில் வைத்ததைக் கேட்டு அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு நிதானமாக விளக்கினார். பயத்திலேயே வளர்ந்த பிள்ளை தன் வீட்டு ஆபத்தின் அடையாளத்தைக் கற்றுவைத்துக்கொள்ளும், ஒரு பிள்ளைக்கு அது சத்தமாக இருக்கும், இன்னொன்றுக்கு வாசனையாக, இவளுக்கு மெல்லிய பேச்சாக. டப்பா விழுகிற மாதிரி திடீர்ச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிவாரிப் போடும், அது வேறு. ராத்திரி பகலாக வாசலில் காவல் நிற்கிறவளுக்கு எழுத்து எப்படி மண்டையில் ஏறும் என்றார். மக்கு இல்லை, பிடிவாதமும் இல்லை, களைப்பு. சரியாகும், ஆனால் சுவிட்சைப் போட்ட மாதிரி ஆகாது என்றும் சொன்னார். இந்த முறை கண்டாமணி அவர் சொன்னதை மட்டும் செய்தாள், தன் சரக்கு எதையும் சேர்க்கவில்லை.

மெக்கானிக் பட்டறையில் ஒரு தகர டப்பா செய்து, மூடி போட்டு, பொடிசின் தலைமாட்டில் வைத்தார். அதில் எப்போதும் பிஸ்கட்டும் ரொட்டியும் இருக்கும், அது அவளுடையது, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று சொல்லிவைத்தார்கள். முதலில் தினமும் காலியாயிற்று. அப்புறம் பாதி. அப்புறம் ஒருநாள் எறும்பு மொய்த்தது, அவளுக்கு நினைவே இல்லை. படுக்கை நனைவது குறைந்து, திரும்பி வந்து, மறுபடி குறைந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து தங்க ஆரம்பித்தன. கண்டாமணி பெட்டியில் மறுபடி ஏறிய நாளில் வியாபாரிகள் கை தட்டினார்கள், ஒரு கிழவர் மட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஆனாலும் ஒரு குறை அவளை அரித்துக்கொண்டேதான் இருந்தது. பொடிசு இன்னும் தங்கமான பிள்ளையாகவே இருந்தாள். சொன்னதற்கெல்லாம் சரி. எதை வைத்தாலும் சாப்பிடுவாள், எங்கே கூப்பிட்டாலும் வருவாள். சின்னப் பிள்ளைக்கு ஓர் அடம் கூடவா இருக்காது? நம்மிடம் இன்னும் பயம் போகவில்லை, இது அவளுக்கு வீடாகவில்லை என்று கண்டாமணி மெக்கானிக்கிடம் புலம்பினாள்.

ஒருநாள் சாயங்காலம் பொடிசு தரையில் படுத்துக் கலர் பென்சிலால் ஒரு படகு வரைந்துகொண்டிருந்தாள். குளிக்க வா என்று கண்டாமணி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"வரமாட்டேன் போ!" என்று கத்தினாள் பொடிசு. "எப்பப் பாத்தாலும் குளி, குளின்னு. படகு இன்னும் முடியல. நீ போ பெரியம்மா!"

அதோடு விடாமல் பச்சை பென்சிலைத் தூக்கி எறிந்தாள். அது பீரோவில் பட்டு உருண்டது. கண்டாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். குழந்தையின் கை தலைக்குப் போகவில்லை. மேஜையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு, இப்போது என்ன செய்துவிடுவாய் என்கிற மாதிரி முறைத்தாள். முறைத்துவிட்டு, சிவப்பு பென்சிலை எடுத்து வரையத் தொடங்கினாள்.

பென்சிலை எறியக்கூடாது, படகு முடிந்ததும் குளிக்க வேண்டும் என்று கண்டாமணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வாசலுக்கு ஓடினாள். தங்கைக்குப் போன் போட்டாள். வீடு பார்த்தாகிவிட்டது, அடுத்த மாதம் வந்துவிடுவேன் என்று போன வாரம்தான் அவள் சொல்லியிருந்தாள்.

"உன் பொண்ணு என்னைப் போன்னு சொல்லிட்டாடி. பென்சிலைத் தூக்கி எறிஞ்சிட்டா" என்றாள்.

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. ஊரையே எழுப்புகிற அந்தக் குரல், வேண்டிய நேரத்தில் வரமாட்டேன் என்றது. போனைக் காதில் அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ரொம்ப மெலிந்த ஒரு குரல் வந்தது.

"அக்கா? ஏன் பேசாம இருக்கே? அக்கா, அவ சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா. நான் சொல்லித் திருத்திடறேன். கோவப்படாதே. அக்கா, ஏதாவது பேசேன், பயமா இருக்கு."

கண்டாமணிக்குச் சுருக்கென்றது. அந்தப் படுபாவியின் வீட்டில் பொடிசு மட்டுமா இருந்தாள்? மேஜைக்கு அடியில் போக ஒருத்திக்காவது இடமிருந்தது. இன்னொருத்தி வெளியிலேயே நின்றிருக்கிறாள். இத்தனை மாதமாகக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்ததில் இவளைப் பற்றி ஒருநாளும் யோசிக்கவில்லையே என்று இருந்தது.

"கோவமில்லடி! சந்தோஷத்துல அழுவுறேன்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். உன் மகள் என்னை நீ என்று கூப்பிட்டாள், முறைத்தாள், பென்சிலை எறிந்துவிட்டு ஒளியக்கூட இல்லை, உனக்குப் புரிகிறதா என்று கேட்டாள். புது வீட்டுக்குச் சாமான் ஏற்றிவர நானும் உன் அத்தானும் வருகிறோம், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இப்போதே சொல்லிவை, இல்லாவிட்டால் சண்டை என்று போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்றாள். உள்ளேயிருந்து பொடிசு, கத்தாதே பெரியம்மா, படகு கோணலாகப் போகிறது என்று சத்தம் போட்டாள். அதையும் தங்கைக்குச் சொன்னாள். படகைப் பற்றிச் சொன்னாள், குளிக்காததைச் சொன்னாள், கூடத்து வியாபாரிகளைப் பற்றி, மெக்கானிக்கின் தும்மலைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் தங்கை சிரிக்கும்வரை அவள் பேச்சை நிறுத்தவே இல்லை.